குழு எப்படி உருவாகிறது, எப்படி மாறுகிறது, எதனால் நிலைக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னை வியாசர்பாடியில் ஒரு சிறிய படிப்பகத்தின் பொறுப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இளைஞர் மன்றம் நடத்துகிறவர்கள், மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள், மில் வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள், சமூகவியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் எனப் பலரும் மாலையில் வந்து உட்கார்ந்து பேசும் இடம் அது. பேச்சு எங்கே தொடங்கினாலும் சில ஐயங்கள் மட்டும் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொடுத்து, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. "பஸ் ஸ்டாண்டுல நிக்கிற கூட்டமும் ஒரு குழுதானே அண்ணா?"

குழு ஆகாது. வள்ளலார் நகர் பேருந்து நிலையத்தில் 50 பேர் ஒரே பேருந்துக்காகக் காத்திருக்கிறார்கள்; ஒருவர் பொறுமையிழந்து ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டால் மற்ற 49 பேருக்கும் அது ஒரு செய்தியே இல்லை. வராதவரைப் பற்றி "இன்றைக்கு ஏன் காணோம்?" என்று யாராவது ஒருவர் கேட்கும் இடத்தில்தான் குழு தொடங்குகிறது. இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் முழுவதும் இதை நான் பயன்படுத்தப் போகிறேன்.

கூட்டம் குழுவாக மாறுவதையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒரே பெட்டியில், ஒரே நேரத்துக்கு ஏறுகிறவர்கள் முதலில் முகம் பார்த்து, பிறகு இடம் பிடித்துக் கொடுத்து, பிறகு ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் மொய் எழுதும் அளவுக்கு நெருங்கிவிடுகிறார்கள். அவர்களை யாரும் ஒன்று சேர்க்கவில்லை. ஒரே இடமும் ஒரே நேரமும் மீண்டும் மீண்டும் வாய்த்ததுதான் சேர்த்தது.

2. "ஒரு சங்கம்னா யாராவது திட்டம் போட்டுத்தான் ஆரம்பிக்கணுமா?"

திட்டமிட்டும் தொடங்கலாம். ஆனால் நிலைத்த பல குழுக்கள், வேறு ஏதோ ஒரு காரியத்துக்காக ஏற்கெனவே கூடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்தே முளைத்தவை. இதற்கு நம் பகுதியைவிட நல்ல சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்று. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் (நாம் பின்னி ஆலை என்பது) தொழிலாளர்களே அதன் அடித்தளம். அந்தச் சங்கத்துக்கு முன்பே அங்கே ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற ஒரு பக்திச் சபை இருந்தது. அதை நடத்திய வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் சமயச் சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்தார்கள், திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார்.

ஆலையிலிருந்து திரும்புகிறவர்கள் செல்வபதி செட்டியாரின் கடையில் நின்று தங்கள் குறைகளைச் சொல்வது வழக்கமானது. நண்பகல் இடைவேளை சாப்பிடக்கூடப் போதவில்லை, மேற்பார்வையாளர்கள் அடிக்கிறார்கள் என்பன போன்ற குறைகள் அவை. அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் செட்டியார், அப்போது அன்னி பெசன்ட்டுடன் பணியாற்றிக்கொண்டிருந்த பி.பி. வாடியாவைத் தேடிப் போனார். வாடியா தலைவராகவும், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும், சபை நடத்திய இருவரும் செயலாளர்களாகவும் அமைந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று: கூடுவதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது, தனித்தனிக் குறைகள் ஒரே குறையாகத் தெரியும் வரை யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டார், வெளியுலகத்தோடு தொடர்புள்ள ஒருவர் வந்து சேர்ந்தார். இம்மூன்றில் நடுவில் உள்ளதைத்தான் இன்றைய மன்றங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. பெயர்ப் பலகை எழுதியாகிவிடுகிறது, கேட்பதற்குக் காது இல்லை.

3. "எத்தனை பேர் இருந்தா குழு? ரெண்டு பேர் போதாதா?"

ஜெர்மானிய சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மெல் இதைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். இருவர் உறவில் ஒருவர் விலகினால் எதுவுமே மிஞ்சுவதில்லை. மூவர் ஆனதும் நிலைமை தலைகீழாக மாறுகிறது: ஒருவர் போனாலும் உறவு மிஞ்சும்; இருவர் சண்டையிட்டால் சமாதானம் செய்யவோ, சண்டையில் குளிர்காயவோ மூன்றாமவர் இருப்பார்; இருவர் சேர்ந்து ஒருவரை ஒதுக்கவும் முடியும். அரசியல் என்பது மூன்றாவது ஆளோடு பிறக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

மேல் எல்லையும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 12 முதல் 20 பேர் என்ற அளவில் அமைகின்றன. ஒவ்வொருவர் வீட்டு நிலவரமும் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கக்கூடிய அளவு அது. ஒரு மனிதர் உண்மையான உறவைப் பேணக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 150 என்று ராபின் டன்பர் என்ற ஆய்வாளர் 1990களில் கணித்தார். அந்த எண்ணைப் பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால், முகப்பழக்கத்தால் மட்டும் நடத்த முடியாத ஓர் அளவு வந்துவிட்டால் பதிவேடு, பொறுப்பாளர், விதி என்பவை தேவைப்படும் என்பதை மன்றம் நடத்திய எவரும் ஒப்புக்கொள்வார்.

4. "சொந்தக்காரங்க, ஒரே ஜாதிக்காரங்ககிட்ட இருக்கற ஒற்றுமை மத்த குழுவுல வருமா?"

வரும், வந்திருக்கிறது. நம் பகுதியின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று சொல்லப்படும் அவற்றில் "பரம்பரை" என்ற சொல் பிறப்பு வழியைக் குறிப்பதில்லை. வாத்தியார் வழியைக் குறிக்கிறது. மீனவர், துறைமுகத் தொழிலாளர், மில் தொழிலாளர் எனப் பல வீட்டுப் பிள்ளைகள், பல சாதிகளையும் மதங்களையும் சேர்ந்தவர்கள், ஒரே வாத்தியாரிடம் கற்றதால் ஒரே பரம்பரை ஆனார்கள்.

இன்னொரு சான்று பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். 1962இல் அங்கே இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பின், 1964 முதல் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைக்கு வந்தார்கள். தமிழகத்தின் வெவ்வேறு மாவட்டங்களை, வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், இங்கே வந்து இறங்கியதும் ஊரார் அவர்கள் எல்லோரையும் "பர்மாக்காரர்" என்றே அழைத்தார்கள். பர்மாவில் இருந்தவரை அவர்களுக்கு அந்தப் பெயர் இல்லை. இழப்பும், வெளியார் இட்ட பெயரும், வியாசர்பாடியில் அடுத்தடுத்து அமைந்த குடியிருப்பும், பாரிமுனையில் உருவான பர்மா பஜாரும் சேர்ந்து அவர்களை ஒரு குழுவாக்கின. பர்மாவையே பார்த்திராத பேரப்பிள்ளைகள் இன்று தள்ளுவண்டியில் பர்மிய நூடுல்ஸ் உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும் விற்கிறார்கள். நினைவைக் கைமாற்ற உணவைப்போல் உதவுவது வேறொன்று இருக்கிறதா என்று நான் வியந்ததுண்டு.

5. "எதிரின்னு ஒருத்தன் இருந்தாத்தானே ஒற்றுமை வரும்?"

ஓரளவு உண்மை. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப்பும் அவருடைய குழுவினரும் 22 சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்து முகாமில் தங்கவைத்தார்கள். பரிசுக்கான போட்டிகள் தொடங்கியதும் வசை, கொடி எரிப்பு, எதிரணி தங்கும் குடிலில் புகுந்து கலைப்பது என்று பகை வளர்ந்தது. ஒவ்வோர் அணிக்குள்ளும் ஒற்றுமை இறுகியது. பின்னர் மற்றொரு சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், போட்டியே இல்லாமல், அற்பமான ஒரு காரணத்தால் பிரித்தாலே பிள்ளைகள் தம் பக்கத்தாருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

ஆனால் ஷெரீப்பின் சோதனைக்கு ஒரு பின்பாதி உண்டு, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இரு அணியும் சேர்ந்தால் மட்டுமே தீரக்கூடிய சிக்கல்களை, குடிநீர் தடைப்படுவதைப்போன்றவற்றை, அடுத்தடுத்து எதிர்கொண்டபோது பகை தணிந்தது. வெறுமனே ஒன்றாகச் சாப்பிட வைத்ததால் தணியவில்லை. ஒன்றாக வேலை செய்ததால் தணிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒருவரையொருவர் ஏறெடுத்துப் பார்க்காத இரண்டு தெருக்காரர்கள் ஒரே அண்டாவில் சமைத்ததை நானே பார்த்தேன். நான்காம் விடையில் கண்ட குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்கும் எதிரே ஒருவர் தேவை: எதிர்ப் பரம்பரை இல்லாவிட்டால் போட்டி இல்லை, போட்டி இல்லாவிட்டால் பரம்பரையும் இல்லை. எதிரி என்பதைவிட எதிராளி என்ற சொல்லே அங்கே பொருத்தமானது.

6. "அவ்வளவு ஒற்றுமையா இருந்த மில் சங்கம் 1921ல ஏன் உடைஞ்சது?"

கேட்பவர் மில் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால் இந்தக் கேள்வியில் இன்னும் வலி இருக்கும். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள், ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் மோதலும் தீவைப்பும் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது.

வேலைக்குப் போனவர்களைத் துரோகிகள் என்று இன்றும் சொல்பவர்களுடன் நான் உடன்பட மாட்டேன். ஆலைக்குள் எல்லோரும் தொழிலாளர். ஆலைக்கு வெளியே சேரி வேறு, தெரு வேறு, தண்ணீர் எடுக்கும் இடம் வேறு. கூலி இல்லாமல் பல வாரம் தாங்குவதற்குக் கடன் கொடுக்க ஆள் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே வேலைநிறுத்தம் ஒரே சுமையாக இருப்பதில்லை. ஒரு குழுவுக்குள் தொழிலால் ஒரு கோடு, குடியிருப்பால் ஒரு கோடு, சாதியால் ஒரு கோடு எனப் பல கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் அது தாங்கும். எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், நெருக்கடி வரும்போது துணி மடிப்பில் கிழிவதைப்போல அந்த இடத்தில்தான் கிழியும். வெளியே இருந்த சமமின்மையைச் சங்கம் தன் வேலையாகக் கருதாமல் விட்டது என்பதே என் முடிவு.

7. "பழைய ஆளுங்க யாருமே இல்ல. இப்பவும் அது அதே டீம்தானா?"

வியாசர்பாடிக் கால்பந்துப் பையன் ஒருவன் கேட்டது. ஆட்கள் மாறுவதால் குழு மாறிவிடுவதில்லை. எல்லோரும் ஒரே நாளில் மாறினால்தான் ஆபத்து. பழையவர் பத்துப்பேர் இருக்கும்போது புதியவர் இருவர் சேர்ந்தால், அந்த இருவரும் பந்து ஆடக் கற்கும்போதே யார் வலையைச் சுருட்டி எடுத்துவைப்பது, யார் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, தோற்ற அன்று எப்படி நடந்துகொள்வது என்பதையும் கற்றுவிடுகிறார்கள். அவர்கள் பழையவர்கள் ஆவதற்குள் அடுத்த இருவர் வந்துவிட வேண்டும்.

நார்வே மானுடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969இல் இனக்குழுக்களைப் பற்றிச் சொன்னது இங்கே உதவும். ஒரு குழுவின் உடை, உணவு, வழக்கம் எல்லாம் மாறலாம், ஆட்கள் எல்லையைத் தாண்டிப் போகலாம், வரலாம். "நாம்", "அவர்கள்" என்று பிரிக்கும் எல்லை பேணப்படும் வரை குழு தொடரும் என்றார் அவர். எல்லையோடு கைமாற்றும் வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். விலகிப் போகும் ஒருவர் தன் சாவியை யாரிடம் கொடுத்தார் என்று கேளுங்கள். குழுவின் ஆயுள் அதிலேயே தெரிந்துவிடும்.

8. "நாலு பேர்தான் வேலை செய்றோம், மத்தவங்க பலனை மட்டும் அனுபவிக்கிறாங்க. என்னதான் பண்றது?"

இது எல்லாக் குழுக்களுக்கும் உள்ள நோய். தெருவிளக்கு வந்தால் மனுக் கொடுத்தவருக்கும் வெளிச்சம், கொடுக்காதவருக்கும் வெளிச்சம். அதனால் மனுக் கொடுக்காமல் இருப்பதே இலாபம் என்று ஒருவர் கணக்குப் போடலாம். அமெரிக்கப் பொருளியலாளர் மன்சூர் ஓல்சன் 1965இல் இதைத் தெளிவாக விளக்கினார். குழு பெரிதாகப் பெரிதாக இந்த நோய் முற்றும் என்பதும் அவர் கருத்து.

மருந்தை நம் வீட்டுச் சீட்டிலேயே பார்க்கலாம். குலுக்கல் சீட்டில் முதல் மாதமே பணம் எடுத்தவர் மீதித் தவணையைக் கட்டாமல் ஓடிவிட முடியும். பெரும்பாலோர் ஓடுவதில்லை, ஏனெனில் சீட்டுப் பிடிக்கும் அக்கா தெரிந்தவர்களை மட்டுமே சேர்க்கிறார். ஒவ்வொருவரும் கட்டியதும் கட்டாததும் எல்லோருக்கும் தெரிகிறது. சந்தேகமுள்ளவருக்குக் கடைசிச் சீட்டுத்தான். வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, யார் செய்தார் என்பது கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். பொதுவாகத் திட்டுவதால் வேலை செய்கிற நாலு பேருக்குத்தான் மனம் புண்படும்; கூட்டத்துக்கு வருகிறவர்களும் அவர்கள்தானே.

9. "கடலோரத்துல மட்டும் ஊர்க் கட்டுப்பாடு இவ்வளவு காலம் நிக்குதே, எப்படி?"

நமக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் "பாடு" என்றொரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்கள் சில; வலை வைக்க விரும்புவோர் பலர். எனவே தலைக்கட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் குலுக்கல் மூலமும் முறைவைத்தும் இடங்களைப் பகிர்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். எலினோர் ஆஸ்ட்ரோம், 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண், உலகெங்கும் இத்தகைய பொதுவளக் குழுக்களை ஆராய்ந்தார். நிலைத்த குழுக்களில் யாருக்கு உரிமை என்ற எல்லை தெளிவாக இருக்கிறது. விதிகளை அவற்றுக்குக் கட்டுப்படுவோரே வகுக்கிறார்கள். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பொறுப்பானவர். முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, தொடர்ந்தால் பெரியது. சச்சரவைத் தீர்க்கப் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. மீனவக் குப்பத்துப் பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு இவை புதியவை ஆகா.

இந்த நிலைத்தன்மைக்கு ஒரு விலை இருக்கிறது. தலைக்கட்டு என்பது குறிப்பிட்ட சாதியின் மணமான ஆண்களைக் குறிக்கும். மீன் விற்கும் பெண்களுக்கு அதில் இடமில்லை. பின்னாளில் மீன்பிடிக்கு வந்த பிற சமூகத்தாருக்கும் இடமில்லை, அதனால் ஏரியில் சச்சரவுகளும் எழுந்தன. எல்லை தெளிவாக இருப்பதால் குழு நிற்கிறது என்று ஏழாம் விடையில் சொன்னேன். எல்லைக்கு வெளியே நிற்பவரிடம் போய்க் கேட்டால் அதே செய்தி வேறு மாதிரி ஒலிக்கும்.

10. "தலைவர் போயிட்டா எல்லாம் போச்சுன்னு சொல்றாங்களே?"

தலைவரின் கவர்ச்சியால் மட்டும் கூடிய குழு அவருக்குப் பின் நிற்க வேண்டுமானால், அந்தக் கவர்ச்சி பதவியாகவும் நடைமுறையாகவும் மாற வேண்டும் என்றார் ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். இரண்டாம் விடையில் கண்ட வாடியா மீது ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவர் விலகினார். சங்கம் போய்விடவில்லை. செயலாளர்கள் அந்தத் தெருக்காரர்கள், தொழிலாளர்கள் வந்து நிற்கும் கடை அங்கேயே இருந்தது. அந்த வழக்கு எழுப்பிய கேள்விதான், தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்த 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி செய்தவற்றுள் முதன்மையானது.

11. "ரொம்ப பலமான குழுகூட காணாமப் போகுமா?"

போகும். பாரிமுனைத் தெருக்களில் ஒருகாலத்தில், சாதிகள் இரண்டு அணிகளாக நின்ற இடங்கை, வலங்கை என்ற பிரிவுக்காக வெட்டிக்கொண்டார்கள். எந்தத் தெருவில் யாருடைய திருமண ஊர்வலம் போகலாம் என்பதில் 1707இல் பெரும் கலவரம் மூண்டது. ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கையாருக்கு என்று பிரித்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் வாழ்பவரிடம் "நீங்கள் எந்தக் கை?" என்று கேட்டால் கேள்வியே புரியாது. அந்தப் பிரிவால் கிடைத்துக்கொண்டிருந்தது எதுவும் இல்லாமல் போனது: வணிகம் அதைக்கொண்டு பகிரப்படவில்லை, அரசு அதைக்கொண்டு யாரையும் அங்கீகரிக்கவில்லை. ஆட்கள் எங்கும் போகவில்லை. தனித்தனிச் சாதிகளாக அங்கேயே இருந்தார்கள். கரைந்தது குழு மட்டுமே.

பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோது நடந்தது வேறு விதம். அங்கே வேலை ஒரேயடியாக நின்றது. ஷிப்டு சங்கு ஒழுங்குபடுத்திய காலை, மாலை, தேநீர்க்கடை எல்லாமே போயின. நம் முதல் அளவுகோலின்படி, இன்னும் ஒருவரையொருவர் விசாரிக்கும் பழைய தொழிலாளர்கள் இருக்கும் வரை அந்தக் குழு இருக்கிறது. கைமாற்ற மட்டும் எதுவும் இல்லை.

12. "எங்க தெருவையே காலி பண்ணி பெரும்பாக்கம் அனுப்பிட்டாங்க. பழையபடி வருமா அண்ணா?"

பழையபடி வராது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கரையோரமும் கால்வாயோரமும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போகும்போது, வட சென்னையிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகிறார்கள். வீட்டு எண் குலுக்கலில் விழுந்தால், எதிர்வீட்டுக்காரர் வேறு பிளாக்கின் ஐந்தாம் மாடிக்குப் போய்விடுவார். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டி, கைமாற்றுக் கொடுத்த கடைக்காரர், வேலை இருப்பதாகச் சொன்ன கொத்தனார் ஆகியோரோடு இருந்த உறவெல்லாம் தூரத்தால் அறுபடும். புதிய வேலை பற்றிய செய்தி நெருங்கியவர்களைவிட ஓரளவு மட்டுமே பழகியவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் காட்டினார். இடம் பெயரும்போது முதலில் இழப்பது அந்த அரைகுறைப் பழக்கங்களைத்தான்; நெருங்கிய உறவினர் போனிலாவது பேசுவார்கள்.

புதியது முளைப்பதற்கு இரண்டாம் விடையில் சொன்ன வழிதான்: தண்ணீர் லாரி வரும் இடம், ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடம், பிள்ளைகள் பந்து ஆடும் இடம். அங்கே முதலில் நில்லுங்கள். சங்கம் என்று பெயர் வைப்பது பிறகு.

13. "மன்றத்துக்கு யாரும் வர்றதில்ல. மூடிடலாமா, இழுத்துப் பிடிக்கலாமா?"

இரண்டு வாரம் நீங்கள் போகாமல் இருந்து பாருங்கள். ஒருவராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி "ஏன் வரவில்லை?" என்று கேட்டால், அந்த ஒருவரோடு மூன்றாவதாக ஓர் ஆளைத் தேடிக்கொண்டு மீண்டும் தொடங்குங்கள், மூன்று ஏன் முக்கியம் என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை என்றால் மூடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் முறையாக மூடுங்கள். கடைசிக் கூட்டம் போட்டுக் கணக்கை வாசியுங்கள். கேரம் போர்டையும் புத்தகங்களையும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போகாமல், பக்கத்துத் தெருவில் இப்போதுதான் கூடத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.